தாவர நிறமி இ163 (ஆந்தோசயனின்) ஹலால் உணவில் கூடுமா?

#1 · லெஸ்டர்_ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஊர் காயல்பட்டினம். இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். பெருநாள், பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடித்த விருந்து, கல்யாணம் என்று ஆர்டர் வரும். பெட்டியில் 'ஹலால்' என்று ஒட்டித்தான் கொடுக்கிறேன், அதனால்தான் இந்தக் கேள்வி.

முன்பு சிவப்புக்கும் ரோஸுக்கும் செயற்கை நிறம் போடுவேன். கார்மோய்சின், பான்சோ 4ஆர், டார்ட்ரசின் உள்ளிட்ட ஆறு நிறங்களில் எது இருந்தாலும், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று 2010 முதல் இங்கே லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும். தாய்மார்கள் அதைக் கேட்டு மறுக்கிறார்கள். அதனால் தாவர நிறத்துக்கு மாறினேன்.

இப்போது வாங்கும் நிறத்தின் லேபிளில் இருப்பது இவ்வளவுதான்: 'நிறம்: ஆந்தோசயனின்', கிளிசரால், மால்டோடெக்ஸ்ட்ரின், சிட்ரிக் அமிலம். கீழே 'சல்ஃபைட் உள்ளது'. வீகன் முத்திரை இருக்கிறது, ஹலால் முத்திரை இல்லை.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர், இந்த நிறம் ஒயின் ஆலையில் மிஞ்சும் திராட்சைச் சக்கையிலிருந்து வருவதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா என்று கேட்டார். கம்பெனிக்கு எழுதினேன். 'எங்கள் நிறம் முழுக்க முழுக்கத் தாவரம், வீகன்களுக்கும் ஏற்றது' என்று பதில் வந்தது. நான் கேட்டது அது இல்லை.

நாங்கள் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழிமுறை). வாங்குபவர்களில் ஹனஃபிகள்தான் அதிகம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


#2 · துபாய்_வாசி

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. பழத்தோல், பூ, கிழங்கு இவற்றில் ஹராம் எங்கிருந்து வரும்? வீகன் என்றால் பன்றியும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிச் செய்யுங்கள். இவ்வளவு குடைந்தால் எதையுமே சாப்பிட முடியாது.


#3 · நிற_ஆலைக்காரன்

நான் உணவு நிறம் தயாரிக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், ஆலிம்கள் அதை வைத்துச் சொல்லட்டும்.

ஆந்தோசயனின் என்பது ஒரே செடியின் சரக்கு இல்லை. கறுப்பு கேரட், சிவப்பு முட்டைக்கோஸ், ஊதா சர்க்கரைவள்ளி, எல்டர்பெர்ரி, திராட்சைத் தோல், எல்லாவற்றிலும் அதே குடும்பத்து நிறமிதான். எதிலிருந்து எடுத்தாலும் ஐரோப்பிய எண் இ163. லேபிளில் 'ஆந்தோசயனின்' என்று மட்டும் போட்டால் போதும், மூலத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சகோதரிக்கு வந்த சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் எண் வரிசையில் திராட்சைத் தோல் சாற்றுக்கு 163(ii) என்று தனி எண் உண்டு. லேபிளிலோ தரவுத்தாளிலோ அது இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, திராட்சைதான்.

திராட்சைத் தோல் நிறம் பழைய சரக்கு. இத்தாலியில் 1879 முதல் 'எனோசயனினா' என்ற பெயரில் எடுக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கக் காரணம், திராட்சை பிழியும் இடத்தில் சக்கை மலைபோல் மிஞ்சுவதுதான். எந்தச் சக்கை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

வெள்ளை ஒயினுக்குத் திராட்சையை முதலில் பிழிந்துவிடுவார்கள், பிறகு சாறு மட்டும் தனியே நொதிக்கும். அந்தச் சக்கையில் மது படுவதில்லை, ஆனால் வெள்ளைத் திராட்சையில் நிறமும் இல்லை. சிவப்பு ஒயினில் நேர் எதிர். நிறம் தோலில் இருப்பதால், தோலோடு சேர்த்தே நாள்கணக்கில் நொதிக்கவிட்டு அப்புறம்தான் பிழிவார்கள். அந்தச் சக்கை ஒயினில் ஊறியது. அதில் இருக்கும் ஆல்கஹாலை வடித்துத்தான் இத்தாலியர்கள் கிராப்பா என்ற சாராயமே எடுக்கிறார்கள். மூன்றாவது வகை, திராட்சைச் சாறு தயாரிக்கும் ஆலையின் சக்கை. கறுப்புத் திராட்சை, நொதிக்கவிடாதது, தோலில் நிறம் அப்படியே இருக்கும். சந்தையில் இரண்டாவதும் மூன்றாவதும் ஓடுகின்றன.

இதோடு முடியவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதியில் திராட்சைத் தோல் சாற்றுக்கு எழுதியிருக்கும் வரையறையே இப்படிப் போகிறது: சாறோ ஒயினோ பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், அப்போது கந்தக டைஆக்சைடு சேர்க்கப்படும், சக்கையிலிருந்து இறங்கும் சர்க்கரையின் பெரும்பகுதி ஆல்கஹாலாக நொதிக்கும், பிறகு வெற்றிடத்தில் ஆவியாக்கிச் செறிவூட்டும்போது அந்த ஆல்கஹால் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். ஆக, சாறு ஆலையின் சக்கையாக இருந்தாலும் நடுவில் ஒரு நொதித்தல் நடக்கலாம். எல்லா ஆலையிலும் ஒரே மாதிரி இல்லை. கந்தகம் கூடுதலாகச் சேர்த்தால் நொதித்தல் அடங்கும். சிலர் ரெசின் தூண் வழியாக ஓட்டிச் சர்க்கரையைப் பிரிப்பார்கள், ஆனால் தூணில் ஒட்டிய நிறத்தைக் கழுவி இறக்கப் பெரும்பாலும் எத்தனால்தான் பயன்படுத்துவார்கள்.

உங்கள் லேபிளில் 'சல்ஃபைட் உள்ளது' என்பது ஒரு துப்பு. கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஒவ்வாமைக்காக அறிவிக்க வேண்டும். திராட்சைத் தோல் நிறத்தில் இது வழக்கமாக வரும். மற்றவற்றையும் கந்தகம் கலந்த நீரில் எடுக்கலாம் என்பதால் இது மட்டும் நிரூபணம் ஆகாது.


#4 · கண்டி_நானா

இயற்கை நிறம் என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுப்பது என்று எங்கள் பள்ளியில் சொன்னார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?


#5 · நிற_ஆலைக்காரன்

நானா, நீங்கள் சொல்வது இ120, கார்மைன். கோச்சினீல் என்ற பூச்சியைக் காயவைத்து எடுப்பது. 'இயற்கை நிறம்' என்ற பெயரில் அதுவும் வரும், ஆனால் தாவரம் இல்லை, வீகன் முத்திரையும் கிடைக்காது. இந்தோனேசிய உலமா சபை 2011-இல் கோச்சினீலை ஆகும் என்று தீர்ப்பளித்தது, மலேசியாவிலும் அளவோடு அனுமதி உண்டு, நம் பக்கத்து ஆலிம்கள் பலர் ஏற்பதில்லை. அது தனி மஸ்அலா. சகோதரியின் டப்பாவில் இருப்பது அது இல்லை.


#6 · ராவுத்தர்_பேரன்

நாங்கள் ஹனஃபி. எங்கள் மத்ஹபில் இதற்கு இடம் இருக்கிறதே? எத்தனால் எல்லாம் கம்ரு (மார்க்கம் தடுத்த மது) ஆகாது என்பது இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூசுஃப் இருவரின் கருத்து. கரும்புச் சக்கைப்பாகு, சோளம், ரசாயனம் இவற்றிலிருந்து வரும் ஆல்கஹாலை மருந்திலும் வாசனைத் திரவியத்திலும் போதை தராத அளவில் பயன்படுத்தலாம் என்று இந்தக் காலத்துப் பெரிய முஃப்திகளே சொல்லியிருக்கிறார்கள். கேக்கில் போடும் ஒரு சொட்டு நிறத்தில் என்ன போதை வரப்போகிறது? ஹனஃபி வாடிக்கையாளர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் ராத்தா.


#7 · ஓதியவன்

அஸ்ஸலாமு அலைக்கும். மத்ரஸாவில் ஷாஃபி, ஹனஃபி இரண்டு ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டம்) ஓதியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஃபத்வாவாக எடுக்காமல் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்கும்போது கையில் வைத்துக்கொள்ளும் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆலைக்காரர் பிரித்துக் காட்டியது பெரிய உதவி. மூலம் வேறுவேறாக இருப்பதால் சட்டமும் வேறுவேறாகத்தான் வரும்.

கறுப்பு கேரட், முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி என்றால் பேச்சே இல்லை. தடை வராதவரை பொருள்கள் ஆகுமானவையே என்பது அடிப்படை. பிரித்தெடுக்க எத்தனால் பயன்படுத்தி, அதை ஆவியாக்கி நீக்கியிருந்தால் ராவுத்தர் தம்பி சொன்ன சலுகை அங்கே பொருந்தும். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் குடிக்கும் விஷயத்தில் இமாம் முஹம்மதின் கருத்துப்படி, போதை தரும் எல்லாமே ஹராம் என்றுதான் தீர்ப்பளித்தார்கள். குடிப்பதற்கு அல்லாத தேவைகளில் முதல் இருவரின் கருத்தை எடுத்தார்கள்.

ஆனால் தம்பி, அந்தச் சலுகை எதிலிருந்து வந்த ஆல்கஹாலுக்கு என்று பாருங்கள். இமாம் அபூஹனீஃபா பிரித்ததே திராட்சையையும் மற்றவற்றையும்தான். காய்ச்சாத திராட்சைச் சாறு நொதித்துக் கடுமையாகிவிட்டால் அதுதான் அசல் கம்ரு. ஒரு சொட்டானாலும் ஹராம், அதன் பொருளே நஜீஸ் (அசுத்தம்), நான்கு மத்ஹபிலும் இதில் இரண்டு கருத்து இல்லை. சலுகை காட்டிய அதே இமாம் சலுகை இல்லை என்று சொன்ன இடம் இந்தத் திராட்சை. எனவே சிவப்பு ஒயின் சக்கையிலிருந்து எடுத்த நிறத்துக்கு ஹனஃபி மத்ஹபைக் காட்டி வழி தேட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஷாஃபியும் ஹனஃபியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ராத்தாவின் கேள்வி மத்ஹபைவிட ஆலையைப் பொறுத்தது.

அடுத்து, பொருள் மாறிவிட்டதே, இஸ்திஹாலா (தன்மை மாறிச் சுத்தமாவது) ஆகாதா என்று கேட்பார்கள். கம்ரு தானாகக் காடியானால் இரண்டு மத்ஹபிலும் சுத்தம். வேறு பொருளைச் சேர்த்துக் காடியாக்கினால் ஹனஃபியில் சுத்தம், ஷாஃபியில் இல்லை. மதுவைக் காடியாக்கிக்கொள்ளலாமா என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் வேண்டாம் என்றார்கள் என முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது, ஷாஃபிகளின் ஆதாரங்களில் அதுவும் ஒன்று. இங்கே அந்த மாற்றமே நடக்கவில்லை. திராட்சைத் தோலில் இருந்த நிறமிதான் ஒயினிலும் இருந்தது, அதேதான் உங்கள் டப்பாவிலும் இருக்கிறது. போனது ஆல்கஹால் மட்டும். மதுவைக் காய்ச்சி ஆல்கஹாலை ஓட்டிவிட்டால் மீதி சுத்தமாகிவிடும் என்று ஷாஃபி நூல்களில் நான் ஓதியதில்லை.

சாறு ஆலையின் சக்கை, நடுவில் கொஞ்சம் நொதித்தது என்றால் அது நுணுக்கமான இடம். ஊறல் தண்ணீர் போதை தரும் நிலைக்குப் போனதா என்று பார்க்க வேண்டும். உலர்ந்த திராட்சையை ஊறவைத்த பானத்தை நபியவர்கள் மூன்றாம் நாள் மாலைவரை அருந்தினார்கள், அதற்குமேல் மிஞ்சினால் கொட்டச் சொன்னார்கள் என்ற ஹதீஸ் உண்டு. லேசான மாற்றத்துக்கும் கம்ரு ஆவதற்கும் நடுவே ஒரு எல்லை இருக்கிறது என்பது இதிலிருந்தே தெரியும்.


#8 · லெஸ்டர்_ராத்தா

ஜஸாகல்லாஹு கைரன். ஓதியவன் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சக்கை கெட்டிப் பொருள்தானே? மேலே ஒயின் பட்டிருந்தால் கழுவினால் சுத்தமாகிவிடாதா? துணியில் நஜீஸ் பட்டால் கழுவித்தானே தொழுகிறோம்.


#9 · ஓதியவன்

நல்ல கேள்வி, அறிஞர்கள் பேசிய கேள்வியும்கூட. ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று இந்தோனேசியாவில் வந்தது. பீர் தயாரித்தபின் அடியில் தங்கும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் சாற்றை உணவில் சுவைக்காகச் சேர்க்கிறார்கள். அந்நாட்டு உலமா சபை 2011-இல் தந்த தீர்ப்பில், அந்த ஈஸ்டை அசுத்தம் பட்ட பொருள் என்ற வகையில் வைத்தார்கள். பீரின் சுவையும் வாடையும் நிறமும் போகும்வரை கழுவினால் சுத்தம் என்றார்கள். இந்தோனேசியர்களும் நம்மைப் போல ஷாஃபிகள்தான்.

அதை இங்கே பொருத்திப் பார்த்தால் முடிச்சு விழும் இடம் நிறம். ஈஸ்டில் பீரின் நிறம் போனால் சுத்தம் என்று முடிவு செய்யலாம். திராட்சைத் தோலில் ஒயினின் நிறமும் தோலின் நிறமும் ஒன்றே. அதைப் போகக் கழுவினால் எடுக்க வேண்டிய சரக்கே போய்விடும். 'அந்த நிறம் மதுவிலிருந்து வந்தது இல்லை, தோலுக்கே சொந்தம், ஆகவே வாடையும் சுவையும் போனால் போதும்' என்று ஒருவர் வாதிட்டால் அதற்கும் இடம் உண்டு, ஒரேயடியாக மறுக்க மாட்டேன். ஆனால் ஆலையில் அப்படி யாராவது கழுவுகிறார்களா?


#10 · நிற_ஆலைக்காரன்

நான் பார்த்தவரை இல்லை. கழுவும் தண்ணீரோடு நிறமும் இறங்கிவிடும், ஏனென்றால் ஆந்தோசயனின் தண்ணீரில் கரைவது. கழுவினால் நஷ்டம். ஈரச் சக்கையை அப்படியே கந்தகத் தண்ணீரில் போட்டு ஊறவைப்பார்கள்.


#11 · பினாங்கு_கடைக்காரர்

எங்கள் நாட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். மலேசியத் தேசிய ஃபத்வா குழு 2011 ஜூலையில் ஆல்கஹால் பற்றி விரிவாக முடிவெடுத்தது. அதில் நிறத்தையும் வாசனைச் சாரத்தையும் பெயர் சொல்லியே பேசுகிறார்கள். நிறம் கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்த்திருந்தால், அந்த ஆல்கஹால் மது தயாரிப்பிலிருந்து வராததாக இருக்க வேண்டும், கடைசிப் பொருளில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, போதை தரக் கூடாது. இந்தோனேசியாவின் 2018 தீர்ப்பும் இதே போக்குதான், மதுத் தொழிலில் இருந்து வரும் எத்தனாலை உணவில் சேர்ப்பது ஹராம் என்று நேராகச் சொல்கிறது.

பலர் 0.5 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகளும், ஆய்வறிக்கையில் ஆல்கஹால் 0.1 கூட இல்லை, ஹலால்தான் என்று பேசுவார்கள். முன்னால் இருக்கும் நிபந்தனையைப் படிப்பதே இல்லை. எவ்வளவு மிஞ்சியது என்று கேட்பதற்கு முன்னால், எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறது அந்தத் தீர்ப்பு. ஒயின் சக்கை அங்கேயே அடிபடுகிறது.

எங்களுக்கு ஒரு வசதி. முத்திரை தரும் அதிகாரிகள் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் தாள் கேட்பார்கள். நிறத்துக்கும் கேட்பார்கள், நிறத்தைக் கரைத்த கிளிசராலுக்கும் கேட்பார்கள். லெஸ்டரில் வீட்டுத் தொழில் செய்யும் சகோதரி அதைத் தானே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னச் சேர்க்கை: கிளந்தானில் நாசி கெராபு என்ற நீலச் சோறு உண்டு, சங்குப்பூவைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் சமைப்பது. அதுவும் ஆந்தோசயனின்தான். எந்த ஆலிமும் அதைக் கேள்வி கேட்டதில்லை, கேட்கவும் ஒன்றும் இல்லை.


#12 · புதுப்பேட்டை_பாய்

நம்மூரில் பச்சைப் புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். அது போதுமா போதாதா?


#13 · நிற_ஆலைக்காரன்

பாய், பச்சைப் புள்ளி சொல்வது விலங்குப் பொருள் இல்லை (பால் தவிர) என்பதை. நிறங்களில் அது பெரிய உதவி. கார்மைன் வராது, ஜெலட்டினும் வராது. பீட்டா கரோட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். கேரட் நிறம், தாவரம்தான், ஆனால் தண்ணீரில் கரையாது. பானத்தில் கலக்க வேண்டுமென்றால் மிகச் சிறு மணிகளாக ஏதாவதொன்றில் பொதிய வேண்டும். பொதிவதற்குச் சிலர் மாற்றிய ஸ்டார்ச், சிலர் ஜெலட்டின் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பிய லேபிள் சட்டத்தில் மீன் ஒவ்வாமை அறிவிப்புக்கு ஒரு விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: வைட்டமின், கரோட்டினாய்டு ஆகியவற்றைத் தாங்கும் மீன் ஜெலட்டினை அறிவிக்க வேண்டாம் என்று. சட்டமே பெயர் சொல்லும் அளவுக்கு அது பரவலான நடைமுறை. மீன் ஜெலட்டினில் நமக்குப் பிரச்சினை இல்லை. மாட்டு ஜெலட்டினோ பன்றி ஜெலட்டினோ தாங்கியாக இருந்தால் அதுவும் லேபிளில் வராமல் போகலாம். அங்கே வீகன் முத்திரையும் பச்சைப் புள்ளியும் உண்மையிலேயே காக்கின்றன.

ஆனால் ஆல்கஹால் பற்றி இரண்டும் வாய் திறக்காது. ஒயினே வீகன் முத்திரையோடு விற்கிறது. துபாய் சகோதரர் மேலே சொன்னதில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடம் இதுதான்.

கோஷர் முத்திரையைச் சிலர் சொல்வார்கள், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். யூதர்களும் திராட்சைத் தோல் நிறத்தில் கடுமையாக இருக்கிறார்கள், ஆனால் காரணம் வேறு. திராட்சையிலிருந்து வந்ததை யார் கையாண்டார்கள் என்பது அவர்களின் கேள்வி. அவர்கள் முறைப்படி செய்த ஒயின் அவர்களுக்கு ஆகும். அதனால் கோஷர் என்பது நம் கேள்விக்குப் பதில் ஆகாது.


#14 · துபாய்_வாசி

மரியாதையோடு சொல்கிறேன், எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. புதிதாக இஸ்லாத்துக்கு வந்த மக்கள் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தார்களா தெரியவில்லை என்று கேட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சாப்பிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். ஆயிஷா (ரலி) அறிவிப்பு, புகாரியில் இருக்கிறது. துருவித் துருவிக் கேட்கச் சொல்லவில்லை. இறைச்சிக்கே அப்படியென்றால், ஒரு சிட்டிகை நிறத்துக்கு ஆலை ஆலையாகப் போய் விசாரிப்பது மார்க்கத்தைக் கஷ்டமாக்குவது ஆகாதா? இங்கிலாந்தில் வளரும் பிள்ளைகள் கடையில் ஒரு தயிர் டப்பாவைக் கூட எடுக்கப் பயப்படுகிறார்கள். பயத்திலேயே வளரும் பிள்ளை ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிடும். இதையும் நினைத்துப் பாருங்கள்.


#15 · ஓதியவன்

துபாய் காக்கா சொன்ன ஹதீஸ் ஸஹீஹானது, சொன்ன கவலையும் சரியானது. தயிர் டப்பா எடுக்கும் பிள்ளையிடம் நான் எதையும் கேட்க மாட்டேன். 'ஆந்தோசயனின்' என்று மட்டும் இருக்கிறது, கேரட்டாகவும் இருக்கலாம், திராட்சையாகவும் இருக்கலாம். வெறும் சந்தேகத்தால் ஹராம் ஆகாது. சாப்பிட்டால் பாவம் என்று யாரும் சொல்லக் கூடாது. பேணுதலுக்காக ஒருவர் விட்டால் அவருக்கு நன்மை, அதை அடுத்தவர் மேல் ஏற்றக் கூடாது.

ராத்தாவின் நிலை வேறு. அவர் சாப்பிடுபவர் மட்டும் இல்லை, ஹலால் என்று எழுதி விற்பவர். அந்த எழுத்தை நம்பித்தான் இருநூறு பேர் வந்த கல்யாணத்தில் யாரும் எதுவும் கேட்காமல் சாப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்காமல் இருக்கலாம் என்பதற்கே இவர் கேட்டிருக்க வேண்டும். ஹதீஸில் வரும் மக்கள் இறைச்சியை வாங்கியவர்கள். அறுத்தவரிடம், நீ பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று நபியவர்கள் சொல்லவில்லையே.

ஹலால் தெளிவு, ஹராம் தெளிவு, இரண்டுக்கும் நடுவே பலருக்குத் தெரியாதவை உண்டு என்ற நுஃமான் (ரலி) அறிவிப்பையும் இங்கே இப்படித்தான் பார்க்கிறேன். பலருக்குத் தெரியாது என்றால் சிலருக்குத் தெரியும். இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் ஒருவர் அந்தக் கம்பெனியில் கட்டாயம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மின்னஞ்சலில் தெரிந்துகொள்ள முடிந்ததைச் சந்தேகம் என்று பெயர் வைத்துத் தள்ளிவைக்கக் கூடாது.


#16 · நிற_ஆலைக்காரன்

அந்த மின்னஞ்சலை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். 'ஹலாலா?' என்று கேட்டால் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் பக்கத்தில் இருக்கும் வீகன் பதிலை ஒட்டி அனுப்பிவிடுவார். தரப்பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நிறத்தின் தாவர மூலம் என்ன, திராட்சை என்றால் சக்கை சாறு ஆலையிலிருந்து வந்ததா ஒயின் ஆலையிலிருந்து வந்ததா என்று நேராகக் கேளுங்கள். தயாரிப்பின் எந்தக் கட்டத்திலாவது நொதித்தல் நடக்கிறதா, பிரித்தெடுக்க எத்தனால் பயன்படுத்தினால் அது எதிலிருந்து வந்தது, கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துவிடுங்கள். கிளிசரால் தாவர எண்ணெயிலிருந்தா என்பதற்கு உங்கள் வீகன் முத்திரையே பதில், அதைக் கேட்க வேண்டாம். ஆலைகளிடம் இந்தத் தகவல் எழுத்தில் இருக்கும். பெரிய நிறத் தயாரிப்பாளர்கள் மலேசியா, இந்தோனேசியா, வளைகுடா ஏற்றுமதிக்காக இதையெல்லாம் எப்போதோ தாளில் போட்டு வைத்திருப்பார்கள்.

பதில் வரவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. ஐரோப்பாவில் 'நிறமூட்டும் உணவு' என்று ஒரு வகை இருக்கிறது. கறுப்பு கேரட்டைப் பிழிந்து செறிவூட்டிய சாறு, நிறமியை மட்டும் தனியே பிரிக்காதது. அதற்கு இ எண் கிடையாது. மூலப்பொருள் பட்டியலில் 'கறுப்பு கேரட் செறிவு' என்று பெயரோடு வரும். எது என்று ஊகிக்க வேண்டியதில்லை.


#17 · லெஸ்டர்_ராத்தா

அல்ஹம்துலில்லாஹ், பதில் வந்துவிட்டது. தரப்பிரிவுக்கு எழுதியபின் இரண்டு வாரத்தில் ஒரு தாள் அனுப்பினார்கள். மூலம் திராட்சைத் தோல், 163(ii) என்றே இருக்கிறது. சக்கை எங்கிருந்து என்பதற்கு 'சாறு மற்றும் ஒயின் தயாரிப்பிலிருந்து, பருவத்தைப் பொறுத்து' என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனால் அளவு கண்டறியும் வரம்புக்குக் கீழே. ஹலால் சான்று இந்தச் சரக்குக்கு இல்லை, வேறொரு வரிசைக்கு உண்டாம்.

ஒரு டப்பாவில் சாறு, அடுத்த டப்பாவில் ஒயின் என்று வந்தால் நான் எதை நம்பி எழுதுவது? நிறுத்திவிட்டேன். கேள்வி கேட்ட வாடிக்கையாளரிடமும் உள்ளதை அப்படியே சொல்லிவிட்டேன். இதுவரை கொடுத்தவற்றுக்கு என்ன செய்வது என்பதுதான் மனதை அரிக்கிறது.


#18 · ஓதியவன்

தெரியாமல் செய்ததற்குக் குற்றம் இல்லை ராத்தா. வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கும் இல்லை. அந்த டப்பாவில் எது இருந்தது என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது, எனவே பழைய கேக்குகளை ஹராம் என்று யாரும் சொல்ல முடியாது. வீடு வீடாகப் போய்ச் சொல்லவும் வேண்டாம், தேவையில்லாத மனக்குழப்பம்தான் வரும். இனிமேல் கேட்டால் சொல்லுங்கள்.


#19 · ராவுத்தர்_பேரன்

சான்று உள்ள அந்த வேறொரு வரிசை எது என்று கேட்டீர்களா? அதன் தாளையும் வாங்கி இங்கே மூலத்தை மட்டும் போடுங்கள். என் தங்கையும் பர்மிங்ஹாமில் கேக் செய்கிறாள், அவளுக்கும் உதவும்.


#20 · லெஸ்டர்_ராத்தா

கேட்டேன் தம்பி. அது ஊதா சர்க்கரைவள்ளி. சல்ஃபைட் அறிவிப்பும் அதில் இல்லை. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு டப்பா வாங்கியிருக்கிறேன், கறுப்பு கேரட் செறிவும் ஒன்று வாங்கினேன். கிரீமில் இரண்டுமே நன்றாக வருகின்றன. கேக் மாவில் போட்டால்தான் கேரட் நிறம் வெந்தபின் நீலம் கலந்த சாம்பலாகிவிடுகிறது. யாருக்காவது வழி தெரியுமா?


#21 · பினாங்கு_கடைக்காரர்

சோடா உப்பு போடுகிறீர்கள், அதுதான் காரணம். ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், அதே கதை. சோடாவைக் குறைத்து பேக்கிங் பவுடருக்கு மாறுங்கள், பாலுக்குப் பதில் மோரோ புளித்த தயிரோ ஊற்றுங்கள், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேருங்கள். அடர்ந்த சிவப்பு வராது, ரோஸ் நிற்கும். பீட்ரூட் பொடி போடலாம் என்று சிலர் சொல்வார்கள், அது சூட்டில் பழுப்பாகிவிடும், கிரீமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.